முப்பத்தெட்டு உறைகள்

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் குடியிருப்பவரை எல்லோரும் கொட்டேஷன் சார் என்றுதான் அழைக்கிறோம். பெரிய மருத்துவமனை ஒன்றில் கொள்முதல் எழுத்தராக இருக்கிறார். பஞ்சு, ஊசி, கட்டில், பினாயில், எது வாங்குவதானாலும் மூன்று கடைகளிலிருந்து விலை கேட்டு, மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, குறைந்த விலையின் கீழே சிவப்பு மையால் கோடு போடுவது அவர் வேலை. இருபது வருடங்களாகக் கோடு போடுகிறார். அந்தக் கோடு மெல்ல அலுவலகத்திலிருந்து வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. முடி வெட்டிக்கொள்ள மூன்று சலூன்களில் விசாரிப்பார். குழாய் ஒழுகினால் மூன்று பிளம்பர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நான்காம் நாள் அவரே குழாயைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிவிடுவார்.

கஞ்சன் என்று சொல்லி முடித்துவிடலாம். நானும் சில வருடங்கள் அப்படிச் சொல்லி முடித்திருந்தேன். பழகப் பழகத்தான் தெரிந்தது, பணம் போவதில் அவருக்குப் பெரிய வருத்தம் எதுவும் இல்லை என்று. எதற்குப் போகிறது என்று தெரியாமல் போனால்தான் அவருக்குத் தூக்கம் போய்விடும். இதை ஒரு நல்ல குணம் என்று சொல்ல எனக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது. அந்தக் குணத்தோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள்தான் அதைச் சொல்ல வேண்டும்.

வாழ்கிறவர்கள் இரண்டு பேர். அவர் மனைவி அதே மருத்துவமனையின் மருந்துக் கடையில் பில் போடுகிறார். முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல் கேலி செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒருமுறை குக்கர் வாங்க மூன்றாவது கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவரை எங்கள் முன்னால் நிறுத்தி, "ஒரு சந்தேகம். பொண்ணு பாக்க வந்தப்போ நான் எத்தனையாவது கொட்டேஷன்?" என்று கேட்டார். அவர் கொஞ்சம் யோசித்து, "ரெண்டாவது" என்றார். யோசித்ததைத்தான் அந்த அம்மாள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

இன்னொருவர் மகள். மூன்றாம் வகுப்பு. எட்டு வயதுதான் என்றாலும் உத்தரவு போடும் தோரணையால் வீட்டில் அவளுக்கு மேடம் என்று பெயர். என் மகனும் அவளும் ஒரே வகுப்பு. அதனால்தான் நடந்தது எல்லாம் எனக்குத் தெரியும்.

பிரச்சினை வருடத்துக்கு ஒருமுறை, டிசம்பரில், பள்ளியின் கிறிஸ்துமஸ் பார்ட்டியாக வரும்.

மேடம் முதல் வகுப்பில் இருந்தபோது அவர் வாயைத் திறக்காமல் எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்தார். பார்ட்டிக்குப் பங்கு, வெள்ளை கவுன், வெள்ளி ஜிகினா ஒட்டிய சிறகு, புகைப்படக்காரருக்குக் கூலி, மிஸ்ஸுக்குப் பரிசு. அதற்கு மேல் குலுக்கல் பரிசு வேறு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பரிசு கொண்டு வர வேண்டும். சீட்டு எடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும். ஐந்நூறுக்கு மேல் போகக் கூடாது என்று சுற்றறிக்கையில் இருந்தது. போகக் கூடாது என்று எழுதினால் பெற்றோர்கள் அதைத் தொட்டே ஆக வேண்டிய கோடாக எடுத்துக்கொள்வார்கள். இவரும் மூன்று கடை ஏறி இறங்கி, இருபத்து நான்கு நிறங்கள் உள்ள நல்ல வண்ணப் பென்சில் பெட்டி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். குலுக்கலில் மேடத்துக்கு வந்தது மூடி இல்லாத ஒரு சோப்புப் பெட்டி. உள்ளே யார் வீட்டுச் சோப்போ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் பார்ட்டி அன்று காலை மேடத்துக்குக் காய்ச்சல் வந்தது. பெற்றோர் இருவரும் முந்தின நாளே பேசி முடிவு செய்த காய்ச்சல். யாரும் பார்க்க வரப் போவதில்லை என்றாலும் நெற்றியில் ஈரத்துணி போட்டுப் படுக்க வைத்தார்கள். மறுநாள் காய்ச்சல் இறங்கிவிட்டது. வகுப்புக்குப் போனால், முப்பத்தெட்டுப் பிள்ளைகளில் பதினொரு பேர் அன்று ஒருநாள் மட்டும் நோயாளிகளாக இருந்திருக்கிறார்கள். என் மகனுக்கு வயிற்று வலி. வருகைப் பதிவேட்டைப் பார்த்த மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாராம்.

இந்த வருடச் சுற்றறிக்கையின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: விழா நாளன்று உடல்நலமில்லாத குழந்தைகள் மறுநாள் மருத்துவர் சான்றிதழுடன் வர வேண்டும். இதைப் படித்ததும் கொட்டேஷன் சார் செய்த முதல் வேலை, சான்றிதழ் தர என்ன வாங்குவார்கள் என்று மூன்று டாக்டர்களிடம் விசாரித்தது. இருப்பதிலேயே குறைவாகக் கேட்டவர் பல் டாக்டர். காய்ச்சலுக்குப் பல் டாக்டர் எழுதித் தந்தால் செல்லுமா என்று என்னிடம் வந்து கேட்டார். பல்லில் வந்த காய்ச்சல் என்று எழுதச் சொல்லலாமா என்று நானும் யோசித்தது உண்மை.

அந்த வழியை மேடமே அடைத்துவிட்டாள். விழாவைத் தொடங்கிவைத்துப் பேச அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். காரணம் குரல். மைக் இல்லாமல் மூன்று மாடிக்குக் கேட்கும். முதலில் தேவதை வேடத்தில் அவள் வருவாள், "நான் வானத்திலிருந்து வருகிறேன். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறேன்" என்று தொடங்கி எட்டு வரி சொல்வாள், பிறகுதான் மற்றதெல்லாம். அவள் குளியலறையில் நின்று ஒத்திகை பார்த்தது எங்கள் வீட்டில் தண்ணீர்க் குழாய் வழியாகக் கேட்டது. இரண்டே நாளில் எட்டு வரியும் என் மனைவிக்கு மனப்பாடம்.

ஆனால் பங்குத் தொகையைப் பத்தாம் தேதிக்குள் கட்டாதவர்களின் பிள்ளைகள் நிகழ்ச்சிப் பட்டியலில் இருக்க மாட்டார்கள் என்றும் சுற்றறிக்கை சொன்னது. அப்படி ஆனால் மேடத்தின் இடம் பின்வரிசையில் உட்காரும் ஒரு நெட்டைப் பெண்ணுக்குப் போகும். அந்தப் பெண்ணுக்கு ரகரம் வராது. அதைச் சொல்லிச் சொல்லியே மேடம் அழுதாளாம்.

"இந்த வருஷம் எனக்குக் காய்ச்சல் வராதுப்பா. சொல்லிட்டேன்."

"வராதும்மா. நீதான் முதல்ல பேசப் போறே."

"சிறகோட?"

"சிறகோட."

அவர் சாதாரணமாக எதற்கும் வாக்குக் கொடுப்பவர் இல்லை. விசாரிக்கிறேன் என்பதுதான் அவர் வாயிலிருந்து வரும் அதிகபட்ச உறுதிமொழி. இது வாக்கு. அவர் மனைவி மருந்துச் சீட்டைப் பார்ப்பதுபோல அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் தாடையைத் தொட நாங்கள் உட்கார்ந்திருந்தோம். அந்த நிலையில் யாருக்கும் எதிர்த்துப் பேசத் தோன்றாது. வகுப்புப் பெற்றோர்களின் சார்பில் எல்லாவற்றையும் முன்நின்று நடத்துபவருக்குத் தலைவி அக்கா என்று பெயர். கணவருக்கு சோபா கடை. நின்றுகொண்டு பேசியது அவர் ஒருவர்தான். பங்கு ஆயிரத்து இருநூறு, உடை தனி, குலுக்கல் பரிசு தனி என்று பட்டியலை வாசித்துவிட்டு, எல்லோருக்கும் சம்மதம்தானே என்று கேட்டுக் கைப்பையை மூடப் போனார்.

கொட்டேஷன் சார் எழுந்தார். எழுந்திருக்கவே கொஞ்ச நேரம் ஆனது. பெஞ்சும் கூடவே எழுந்தது. அந்த ஆயிரத்து இருநூறு எப்படி வந்தது, பிரித்துச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தாழ்மையாகக் கேட்டார். இவ்வளவுதான் கேட்க வந்திருந்தார். கேட்டுவிட்டுக் கட்டிவிட்டுப் போகும் எண்ணம்தான்.

"வாட்ஸ்அப் குரூப்ல எல்லாரும் கட்டைவிரல் போட்டாச்சே சார். நீங்களும் போட்டிருக்கீங்க" என்றார் தலைவி அக்கா.

"போட்டேங்க. எல்லாரும் போட்டிருந்தாங்கன்னு போட்டேன்."

பின்னால் யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மிஸ் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன கண்டாரோ, கொட்டேஷன் சாருக்குள் இருந்த எழுத்தர் விழித்துக்கொண்டார். எங்கள் மருத்துவமனையில் ஒரு முறை இருக்கிறது என்று ஆரம்பித்தார். ஒருவர் சொல்வதை இன்னொருவர் பார்த்து மாற்றிக்கொள்ளாமல் இருக்க, ஒவ்வொரு கடைக்காரரும் தொகையை எழுதி உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிடுவார்கள். எல்லார் முன்னாலும் பிரிப்போம். இங்கேயும் அப்படிச் செய்யலாம். பெயர் வேண்டாம். இந்தப் பார்ட்டிக்கு மொத்தமாக எவ்வளவு கொடுக்க மனமிருக்கிறது என்று ஒரு எண் மட்டும். எழுதியதைத் திருத்தக் கூடாது. எழுதியவர் எழுதிய தொகைக்குக் கட்டுப்பட்டவர்.

தலைவி அக்கா வாயைத் திறப்பதற்குள் மிஸ், "நல்ல யோசனை" என்றுவிட்டார்.

இரட்டைப் பிள்ளைகளின் அப்பா கை தூக்கினார். டாக்ஸி ஓட்டுபவர். "சார், எனக்கு ரெண்டு. ஒரு கவரா, ரெண்டு கவரா?"

"ரெண்டு. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி."

"அப்போ ரெண்டாவதுக்குக் கொஞ்சம் கொறச்சு எழுதலாமா? மூணு நிமிஷம் சின்னவன்."

உறைகளைக் கொட்டேஷன் சாரே வாங்கிக் கொடுத்தார். மூன்று கடைகளில் விசாரித்து வாங்கிய உறைகள் என்பது பார்த்தாலே தெரிந்தது. நாக்கால் எவ்வளவு நனைத்தாலும் பசை ஒட்டவில்லை. பிள்ளைகளின் கைவேலைப் பசையை எடுத்து ஒட்டினோம்.

புதன்கிழமை மாலை, பள்ளி மணி அடித்த பிறகு, அதே வகுப்பறையில், உறைகளைப் போட்டு வைத்திருந்த சாக்பீஸ் பெட்டி திறக்கப்பட்டது. இருபது பேர் வந்திருப்போம். முறைப்படி இரண்டு சாட்சிகள் வேண்டும் என்றார். நானும் டாக்ஸிக்காரரும் ஒவ்வொரு உறையின் மேலும் கையெழுத்துப் போட்டோம். கொட்டேஷன் சார் சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, பஞ்சு விலை படிக்கும் குரலில் படிக்க ஆரம்பித்தார்.

"ஐம்பது. முப்பது. ஐம்பது. இருபது."

ஐந்தாவது உறைக்கே ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் கரும்பலகையைப் பார்த்தார்கள். அதில் எழுதியிருந்தது ஏழாம் வாய்ப்பாடு.

"பூஜ்யம். பக்கத்துல, கேக் வெட்ட ஆள் வேணும்னா நான் வர்றேன்னு எழுதியிருக்கு. அறுபது. இது... கணவரிடம் கேட்டுச் சொல்கிறேன். இதை என்னன்னு எடுத்துக்கிறது?"

"பூஜ்யம்னுதான்" என்றார் டாக்ஸிக்காரர். அவருடைய முதல் உறையில் நாற்பது இருந்தது. இரண்டாவதில் எண் இல்லை. 'மேலே சொன்னதிலேயே இதுவும் அடக்கம்' என்று இருந்தது. பெயர் போடாவிட்டாலும் அது யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. இன்னொரு உறைக்குள் எட்டாக மடித்த வெற்றுத்தாள். இன்னொன்றில், 'மிஸ், போன வருடம் எங்கள் வீட்டில் உண்மையாகவே காய்ச்சல்' என்று மட்டும்.

இருபத்தாறாவது உறையைப் பிரித்தவர் ஒரு விநாடி நின்றார். பிறகு அதே குரலில், "ஆயிரத்து இருநூறு" என்றார்.

எல்லாத் தலைகளும் தலைவி அக்கா பக்கம் திரும்பின. அவர் முகத்தில் முதலில் வந்தது திகைப்பு. அதன் மேலேயே மெல்ல ஒரு சிரிப்பு வந்து படிந்தது. தலையைக் குனிந்து கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டார்.

சாட்சி என்ற முறையில் தாள் என் கைக்கு வந்தது. எண்ணில் ஒருமுறை, எழுத்தில் ஒருமுறை: ஆயிரத்து இருநூறு மட்டும். அந்த 'மட்டும்' முடிந்த இடத்திலிருந்து தாளின் ஓரம்வரை இரண்டு கோடுகள். பின்னால் யாரும் ஒரு சுழியம் சேர்த்துவிடக் கூடாது என்று இருபது வருடங்கள் பழகிய கை. நான் அவரைப் பார்த்தேன். அவர் இருபத்தேழாவது உறையின் பசையோடு மல்லாடிக்கொண்டிருந்தார்.

அந்த ஒன்றைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிகப் பெரிய தொகை நூறு. அப்படியானால் சோபா கடையிலிருந்து வந்த உறையும் அந்த நூறுக்குள்தான் எங்கேயோ இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கணக்குத் தெரிந்த மற்றவர்கள் யாரும் அந்த ஆயிரத்து இருநூறுக்கு வேறு சொந்தக்காரர் இருக்கலாம் என்று நினைக்கவில்லை.

எல்லோரும் சேர்ந்து ஆளுக்கு நாற்பத்தைந்து என்று முடிவு செய்தோம். அதற்குள் என்ன வருமோ அதுதான் பார்ட்டி. ஒரு கேக், பழரசம், பிள்ளைகளே வெட்டி ஒட்ட வண்ணக் காகிதம். வேடம் இல்லை, குலுக்கல் இல்லை, புகைப்படக்காரர் இல்லை. எல்லாப் பிள்ளைகளும் பள்ளிச் சீருடையில் வந்தால் போதும். சொல்லி முடித்ததும் இருபது பேர் ஒரே நேரத்தில் இறுக்கமான செருப்பைக் கழற்றியதுபோல ஒரு பெருமூச்சு எழுந்தது. கொட்டேஷன் சாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தலைவி அக்காவுக்கும் இரண்டு பேர் நன்றி சொன்னார்கள்.

திரும்பி வரும்போது அவரிடம் நேராகவே கேட்டேன்.

"எல்லாரும் ஆயிரத்து இருநூறுதான் எழுதுவாங்கன்னு நெனச்சேன் சார். அத்தனை கட்டைவிரல் இருந்துச்சே. என் பொண்ணு பேர்ல மட்டும் கம்மியா போயிடக் கூடாதில்ல?"

ஊரில் உள்ள எல்லா விலையையும் சந்தேகப்பட்ட மனிதர் அந்தக் கட்டைவிரல்களை மட்டும் நம்பியிருக்கிறார். நான் முப்பது எழுதியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

வீட்டில் செய்தி வேறு மாதிரி போய் இறங்கியது. வேடம் இல்லை என்றதும் மேடம் கேட்டது ஒரே கேள்வி.

"சிறகு?"

"யாருக்குமே கிடையாதும்மா. எல்லாரும் யூனிஃபார்ம்."

"யூனிஃபார்ம்ல நின்னுக்கிட்டு வானத்திலிருந்து வர்றேன்னு எப்படிப்பா சொல்றது? பையை மாட்டிக்கிட்டு, ஷூ போட்டுக்கிட்டு? நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ல வந்தேன்னு சொல்லவா?"

மேடம் போய்ப் படுத்தாள். தானாகவே ஒரு கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டுக்கொண்டாள். தனக்குக் காய்ச்சல் என்றும், பார்ட்டி முடியும்வரை இறங்காது என்றும் அறிவித்தாள்.

"முப்பத்தேழு பிள்ளைங்க வீட்டுக்குக் காசை மிச்சம் பண்ணிக் குடுத்தீங்க. நம்ம வீட்டுல இருந்த ஒரு தேவதையைத் தரையிறக்கிட்டீங்க" என்றார் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

இரண்டு நாட்கள் அந்தக் கைக்குட்டை காயவில்லை. பள்ளிக்குப் போய் வருவாள்; வந்ததும் எடுத்து நனைத்துப் போட்டுக்கொள்வாள். அப்பாவோடு பேச்சு இல்லை. சொன்ன சொல் தன்னுடைய ஏற்பாட்டாலேயே பொய்யாகிவிட்டது என்பது அவரை உண்மையாகவே வாட்டியது. நாடக உடை வாடகைக்கு விடும் கடை ஒன்றுக்குப் போய், ஒரு ஜோடி சிறகைப் பார்த்துவிட்டு வந்து, அவளுக்கு மட்டும் வாங்கித் தருவதாகச் சொன்னார். கட்டிலிலிருந்து கண்ணைத் திறக்காமல் பதில் வந்தது:

"நான் மட்டும் சிறகு போட்டா எல்லாரும் கோழின்னு சொல்வாங்க."

கடைசியில் பள்ளி வாசலில் காத்திருந்து மிஸ்ஸைப் பிடித்தார். அந்த முதல் வரியை மட்டும் மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். மிஸ்ஸின் கையில் முப்பத்தெட்டு நோட்டுகள் இருந்தன. "சொல்றது அவதானே சார். அவளையே மாத்திக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்க ஓடினார்.

இதைக் கேட்டதும் மேடம் கைக்குட்டையை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"எதை வேணும்னாலும் மாத்திக்கலாமா?"

"மிஸ் அப்படித்தான் சொன்னாங்க."

"யார்கிட்டயும் காட்ட வேண்டியதில்லையா?"

வேண்டியதில்லை என்றார் அவர். குளியலறை ஒத்திகை அன்றோடு நின்றுபோனது. புதிய வரிகளை அவள் மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எட்டு வரியைச் சத்தமாகக் கேட்டபோது வராத பயம் இப்போதுதான் அவருக்கு வந்தது.

பார்ட்டி நாள் வந்தது. ஒருவருக்கும் காய்ச்சல் இல்லை. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். மிஸ் பதிவேட்டை இரண்டு முறை சரிபார்த்தார். பெற்றோர்களும் முன்பைவிட அதிகமாக வந்திருந்ததால் வகுப்பறை திணறியது. கூரையில் பிள்ளைகள் ஒட்டிய நட்சத்திரங்களில் சிலவற்றுக்கு நான்கு முனை, ஒன்றுக்கு ஏழு. கேக்கை முப்பத்தெட்டாக வெட்டும் பொறுப்பைப் பூஜ்யம் எழுதியவரே ஏற்றுக்கொண்டார். கையில் கத்தியோடு நின்றபோதுதான் அது யார் என்று எங்களுக்குத் தெரிந்தது.

மிஸ் எல்லோருக்கும் நன்றி சொன்னார். நாற்பத்தைந்தில் ஒரு விழா நடத்த முடியும் என்று தனக்கே இத்தனை வருடம் தெரியாது என்றார். கடைசியாக, தொகை தேவைப்படாமல் போனாலும் முழுதாக எழுதித் தந்த அந்த ஒரு பெரிய மனதுக்கும் நன்றி என்று சொல்லி, தலைவி அக்கா இருந்த பக்கம் லேசாகக் கை காட்டினார். கைதட்டினோம். தலைவி அக்கா முன்போலவே சிரித்தார். கொட்டேஷன் சாரும் கைதட்டினார்.

அடுத்து மேடம். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை என்று அவளை மிஸ்ஸின் மேசைமேல் ஏற்றி நிறுத்தினார்கள். சீருடை, ஷூ, தோளில் பை. பையை வேண்டுமென்றே மாட்டிக்கொண்டு ஏறியிருந்தாள்.

"நான் வானத்திலிருந்து வரவில்லை. நாற்பத்தேழாம் நம்பர் பஸ்ஸில் வந்தேன். உட்கார இடம் கிடைக்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு ஒரு நல்ல செய்தி கொண்டு வந்திருக்கிறேன்."

சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. அதற்குக் காத்திருந்து, மற்ற வரிகளை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னாள். தெருவில் போனவர்கள் நின்று கேட்டிருப்பார்கள். அவள் அப்பா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. முடிந்தது என்று மிஸ் அவளை இறக்கக் கை நீட்டினார். அவள் இறங்கவில்லை.

"இன்னொண்ணு சொல்லணும் மிஸ். அந்த ஆயிரத்து இருநூறு எழுதினது எங்க அப்பா. நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன். எழுதிட்டு ரெண்டு கோடு போட்டாரு."

இப்போது எல்லாத் தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. கொட்டேஷன் சார் கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல நின்றார். அவர் மனைவிக்குக்கூட அப்போதுதான் தெரியும். முதல் முறையாக அந்த அம்மாளிடம் கேலி எதுவும் தயாராக இல்லாததைப் பார்த்தேன்.

"நான் எழுதினேன்னு நான் எப்பச் சொன்னேன்?" என்றார் தலைவி அக்கா, யாரையும் பார்க்காமல். அது உண்மைதான். அவர் சிரிக்க மட்டுமே செய்தார். அதற்கு மேல் எல்லாவற்றையும் நாங்களே சொல்லிக்கொண்டோம்.

டாக்ஸிக்காரர்தான் தொண்டையைச் செருமினார். "சார், எழுதினவர் எழுதின தொகைக்குக் கட்டுப்பட்டவர்னு அன்னைக்கு நீங்கதானே சொன்னீங்க? நான் சாட்சி. கையெழுத்து வேற போட்டிருக்கேன்."

"நாற்பத்தஞ்சு குடுத்துட்டேனே" என்றார் கொட்டேஷன் சார்.

"அது போக மீதி."

கொஞ்சம் யோசித்தார். விதியில் ஓட்டை இருக்கிறதா என்றுதான் தேடியிருக்க வேண்டும். அவர் வகுத்த விதியில் ஓட்டை எப்படி இருக்கும்? பர்ஸை எடுத்தார். பள்ளி வாசலில் நின்ற ஐஸ்கிரீம் வண்டியை டாக்ஸிக்காரர் ஓடிப்போய் உள்ளேயே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். பிள்ளைகள் வரிசையில் நின்று வாங்கினார்கள். பிறகு பெற்றோர்கள், மிஸ், காவலாளி. தலைவி அக்காவுக்குக் கொட்டேஷன் சாரே எடுத்துப் போய்க் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு, "அடுத்த வருஷம் நீங்களே நடத்துங்க சார்" என்றார். கோபமா, நிம்மதியா என்று அந்தக் குரலில் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

கூட்டம் கொஞ்சம் குறைந்த பிறகு அவர் மகளின் பையைத் தூக்கிக்கொண்டு படியோரம் நின்றிருந்தார். மேடம் உதட்டைச் சுற்றி ஐஸ்கிரீமோடு வந்தாள்.

"நல்லா சொன்னேனாப்பா?"

"சத்தமா சொன்னே."

"நல்லா சொன்னேனான்னு கேட்டேன்."

"நல்லாத்தான் சொன்னே. அந்தக் கடைசிதான் தேவையில்லாதது."

"அதனாலதான்ப்பா எல்லாரும் ஐஸ்கிரீம் சாப்பிட்டாங்க" என்று சொல்லிவிட்டு, இரண்டாவது தடவை வரிசையில் நிற்கப் போனாள்.